அம்மாவ தன் கைவீக்கத்த தானே பாத்துக்க வைக்க எது சரிப்பட்டு வரும்: பயமுறுத்துறதா, நாமளே செஞ்சு விடுறதா, உக்காந்து கேக்குறதா?

எங்கம்மாவுக்கு வலது மார்புல ஆப்பரேஷன் ஆகி நாலு வருஷம் ஓடிருச்சு. கேன்சர் பக்கம் எல்லாம் நல்லபடியா இருக்கு, செக்கப்புக்குப் போனா டாக்டர் சிரிச்ச முகமாத்தான் பேசுறாரு, ஆனா கை வீக்கம் மட்டும் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. ஆப்பரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புறப்ப வலது கையில வளையல் ஏறல, சோப்பு போட்டுப் பாத்தாங்க, அப்பவும் ஏறல, வெயில் சூட்டுக்கு உப்பியிருக்கும்னு சொல்லிட்டு எல்லா வளையலையும் இடது கையிலயே போட்டுக்கிட்டு கிளம்பிட்டாங்க. நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், அம்மா முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, வலின்னு வாய் திறந்து சொல்ற பழக்கமே கிடையாது, அதனால இது லிம்ஃபெடிமா, நிணநீர் வீக்கம்னு ஒருத்தர் பேர் சொல்றதுக்குள்ள இன்னும் அஞ்சு மாசம் போயிருச்சு.

என்ன செய்யணும்னு ஃபிசியோவுல தெளிவா சொல்லிட்டாங்க. காலையில எழுந்ததும் பிரஷர் ஸ்லீவ், அதாவது கைய இறுக்கிப் புடிக்கிற இழுவைத் துணி உறை, மாட்டணும், ராத்திரி கழட்டணும், தோல் காயாம கிரீம் தடவணும், மூச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, லேசா தோல தள்ளி விடுற மசாஜ், உடம்பு எடை ஏறாம பாத்துக்கணும், காயம் படாம இருக்கணும். எல்லாம் சேத்தா ஒரு நாளைக்கு அரை மணி நேரம், முக்கா மணி நேரம். கஷ்டம் எங்க வருதுன்னா, இத அம்மா தினமும் செய்யணும், வாழ்நாள் பூரா செய்யணும், நாம கூட இல்லாதப்பவும் செய்யணும். அவங்கள எப்படி செய்ய வைக்கிறது? நாலஞ்சு வழி முயற்சி பண்ணிட்டோம், ஒவ்வொண்ணும் எங்க நின்னுச்சு எங்க சறுக்குச்சுன்னு எழுதுறேன், உங்க வீட்லயும் அம்மாவோ அக்காவோ சித்தியோ இதே நிலைமையில இருந்தா எத முதல்ல எடுக்கலாம்னு முடிவு பண்ண உதவும்.

அதுக்கு முன்னாடி ஏன் தினமும்னு ஒரு வார்த்தை. அக்குள்ல நெறி கட்டியிருக்குன்னு சொல்வோம்ல, அந்த நெறிதான் லிம்ஃப் நோட். கேன்சர் பரவியிருக்கான்னு பாக்க அத எடுத்துடுறாங்க, சில பேருக்கு அந்த இடத்துக்கு கரண்டும் வைக்கிறாங்க, கரண்டுன்னா ரேடியேஷன். கையில இருந்து நிணநீர் வடிஞ்சு போற பாதை அதுதான். ரத்தத்த தள்ள இதயம் இருக்கிற மாதிரி நிணநீர தள்ள தனியா ஒண்ணு கிடையாது, குழாயோட சின்ன அசைவு, தசை அசையுறது, மூச்சு இழுத்து விடுறது, இதுலதான் அது நகரும். லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, முன்னால இருக்கிற சாக்கடைக் கான் அடைச்சுக்கிட்டா தண்ணி எப்படி தேங்குமோ அப்படி கையில தேங்குது, ஆனா இது வெறும் தண்ணி இல்ல, புரதம் கலந்த நீர், ரொம்ப நாள் தேங்குனா உள்ள தோல் தடிச்சு இறுகிப் போகும். அதனாலதான் தண்ணி மாத்திரை போட்டா இது சரியாகாது, எங்க பக்கத்துல பாதிப் பேரு அதத்தான் முதல்ல கேப்பாங்க. ஆரம்பத்துல கைய உயர்த்தி வச்சாலே வீக்கம் வடியும், விட்டுட்டா அப்புறம் உயர்த்தி வச்சாலும் வடியாது. வர்றவங்களுக்கு பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வரும், அதுக்கப்புறமும் வரலாம். 2013ல லான்செட் ஆன்காலஜியில பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல மார்பகப் புற்றுநோய் வந்தவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு கை வீக்கம் வருதுன்னு வந்துச்சு, அக்குள் நெறிய மொத்தமா எடுத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 20 சதவீதம், முதல் நெறி ஒண்ணு ரெண்ட மட்டும் எடுத்துப் பாத்தவங்களுக்கு 6 சதவீதத்துக்குள்ள. அம்மாவுக்கு மொத்தமா எடுத்தது.

நான் முதல்ல எடுத்த வழி பயமுறுத்துறது. யார் வீட்லயும் இதுதான் முதல்ல வரும்னு நெனைக்கிறேன். கூகுள்ல கை யானைக்கால் மாதிரி ஆன படத்த எடுத்து காட்டுனேன், "ஸ்லீவ் போடலன்னா உங்களுக்கும் இப்படித்தாம்மா ஆகும்"னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடல. மறுநாள்ல இருந்து சரியா ரெண்டு வாரம் ஸ்லீவ் போட்டாங்க, மூணாவது வாரம் அது அலமாரிக்குள்ள போயிருச்சு, கேட்டா "துவச்சிருக்கேன், காயல"ன்னாங்க. பயத்தோட ஒரு மனுஷனால நாள் பூரா குடித்தனம் நடத்த முடியாது, மனசு அந்தப் பயத்த ஒதுக்கணும்னு பாக்கும், பயத்த ஒதுக்க சுலபமான வழி அத ஞாபகப்படுத்துற ஸ்லீவ ஒதுக்குறது. இது எனக்கு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுச்சு.

பயமுறுத்துறதுல இன்னொரு கெடுதல், தேவையில்லாதத எல்லாம் சேத்து பயமுறுத்திடுறோம். வெயிட்டே தூக்கக் கூடாது, ஒரு தேங்கா கூட தூக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட நானும் சொன்னேன், பக்கத்து வீட்டு அத்தையும் சொன்னாங்க. ஆனா அமெரிக்காவுல கேத்ரின் ஷ்மிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வெளியிட்ட ஆய்வுல, கை வீக்கம் இருக்கிற 141 பெண்கள்ல பாதிப் பேர வாரத்துக்கு ரெண்டு தடவ ஸ்லீவ் போட்டுக்கிட்டு, சொல்லிக் கொடுக்க ஆள் வச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடை கூட்டி தூக்க வச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா வீக்கம் கூடல, அதுமட்டும் இல்லாம வீக்கம் திடீர்னு மோசமானது தூக்குனவங்கள்ல 14 சதவீதம், தூக்காதவங்கள்ல 29 சதவீதம். போஸ்டன்ல 632 பேர தொடர்ந்து அளந்து பாத்து 2016ல வந்த இன்னொரு ஆய்வுல, அந்தக் கையில ரத்தம் எடுத்தது, பிரஷர் பாத்தது, விமானத்துல போனது இதுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியல, தொடர்பு தெரிஞ்சது தோல்ல வந்த கிருமித் தொற்றுக்கும், கூடுதல் உடம்பு எடைக்கும், நெறிய மொத்தமா எடுத்ததுக்கும், அந்த இடத்துக்கு வச்ச ரேடியேஷனுக்கும். உங்க டாக்டர் மத்த கையில ஊசி போடச் சொன்னா அப்படியே செய்யுங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. நான் சொல்றது, பத்து பயத்த ஒண்ணா கொட்டுனா உண்மையில பயப்பட வேண்டிய ஒண்ணு அதுக்குள்ள தொலைஞ்சு போயிரும். அந்த ஒண்ணு செல்லுலைட்டிஸ், தோலுக்குள்ள பரவுற கிருமித் தொற்று, அதுக்கு கடைசியில வர்றேன்.

பயமுறுத்துறது தோத்ததும் நான் அப்படியே எதிர்ப்பக்கம் போனேன், எல்லாத்தையும் நானே செஞ்சு விடுறதுன்னு. காலையில அஞ்சே முக்காலுக்கு ஃபேக்டரி பஸ், அதுக்கு முன்னாடி அம்மாவ உக்கார வச்சு மசாஜ் பண்ணி ஸ்லீவ இழுத்து மாட்டி விட்டுட்டு ஓடுவேன், சாயந்திரம் வந்து கழட்டி கிரீம் தடவி விடுவேன். நாலு மாசம் ஒழுங்கா போச்சு, கையும் நல்லா இறங்குச்சு, எனக்கு பெருமையா இருந்துச்சு. அப்புறம் எனக்கு நைட் ஷிஃப்ட் மாறுச்சு. காலையில நான் வீடு வந்து சேர எட்டு மணி, அதுக்குள்ள அம்மா எழுந்து மூணரை மணி நேரம் நடமாடிட்டாங்க, கை ஏற்கெனவே உப்பியிருக்கும், வீங்குனதுக்கப்புறம் ஸ்லீவ் ஏத்துறது எவ்வளவு கஷ்டம்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும், வலியில அம்மா பல்ல கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, எனக்கு கண்ணு சொருகும். ரெண்டாவது வாரம் "நீ போய் படு பாப்பா, இன்னிக்கு வேணாம்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. என் தூக்கத்துக்காக தன் கைய விட்டுட்டாங்க. அதுமட்டும் இல்ல, கை எப்படிம்மா இருக்குன்னு கேட்டா "நீதான பாக்குற, நீயே சொல்லு"ன்னாங்க. அந்த வார்த்தை என்னைய நிறுத்திருச்சு. அவங்க கைக்கு நான் சொந்தக்காரியா ஆயிட்டேன், அவங்க விருந்தாளி மாதிரி உக்காந்திருக்காங்க.

ஆனா இந்த வழி தப்புன்னு ஒட்டுமொத்தமா சொல்லிட முடியாது. ஸ்ட்ரோக் வந்தவங்க, விரல் மூட்டுல வாதம் இருக்கிறவங்க, கண்ணு சரியா தெரியாதவங்க, அவங்களுக்கு வீட்ல ஒருத்தர் செஞ்சுதான் ஆகணும். அப்படின்னா ஒருத்தரே சுமக்காம ரெண்டு பேராவது கத்துக்கணும், நான் மட்டும் கத்துக்கிட்டது பெரிய தப்பு. அப்பவும் ஏதோ ஒண்ண அவங்க கையிலயே விட்டுடுங்க, கிரீம் தடவுறதோ மூச்சுப் பயிற்சியோ. வீக்கம் அதிகமா இருக்கிற ஆரம்ப கட்டத்துல பல அடுக்கு பேண்டேஜ் சுத்துவாங்க பாருங்க, அத நாமளா யூடியூப் பாத்து சுத்தக் கூடாது, பயிற்சி எடுத்தவங்க சுத்தணும்.

காசு கொடுத்து சரி பண்ணலாம்ங்கிற வழிய சுருக்கமா சொல்லிடுறேன். தனியார்ல தெரப்பிஸ்ட் வச்சு வாராவாரம் மசாஜ், இல்லன்னா கைய உள்ள விட்டா காத்து ஏறி அமுக்குற பம்ப் மெஷின். ரெண்டும் உதவும், ஆனா ரெண்டும் ஸ்லீவுக்கு பதில் இல்ல, மெஷின்ல ஒரு மணி நேரம் வடிஞ்சது ஸ்லீவ் இல்லாம சாயந்திரத்துக்குள்ள திரும்ப தேங்கிரும். அந்தக் காசு இருந்தா முதல்ல ரெண்டாவது ஸ்லீவ் வாங்குங்க, ஒண்ணு துவைக்க ஒண்ணு போட. ஒரு ஸ்லீவே சில நூறு வெள்ளி ஆகும், தினமும் போட்டா ஆறு மாசத்துல இழுவை போயிரும், அதுக்கு இப்பவே உண்டியல் போட்டு வைக்கணும். சூடா எண்ணெய் வச்சு அழுத்தி உருவுறவங்ககிட்ட மட்டும் போகாதீங்க, நாங்க ஒரு தடவ போயி கை அன்னிக்கு ராத்திரியே சிவந்து உப்பிருச்சு. நிணநீர் மசாஜுன்னா தோல் மட்டும் நகர்ற அளவுக்கு, அவ்வளவு லேசா.

இப்ப நாங்க எடுத்திருக்கிற வழிக்கு வர்றேன், உக்காந்து கேக்குறது. இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா எனக்கு எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்தது இதுதான், ஏன்னா வாய மூடிக்கிட்டு இருக்கணும். வில்லியம் மில்லர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1983ல இந்த முறைய எழுதுனாரு, பின்னாடி ஸ்டீஃபன் ரோல்னிக்கும் சேந்து வளத்தாங்க. முதல்ல இது யாருக்காக வந்துச்சுன்னா குடிக்கு அடிமையானவங்களுக்காக. அத படிச்சப்ப எனக்கு சட்டுன்னு புரிஞ்சுச்சு. தோட்டத்துல சம்சு குடிச்ச எத்தன பேர பாத்திருக்கோம், பொண்டாட்டி அழுது, அம்மா திட்டி, வேலைய மேய்க்கிற மண்டோர் மிரட்டி, அப்படி யாராவது விட்டதா எங்க லயத்துல ஒரு கதை இருக்கா? திட்டத் திட்ட அவங்க குடிக்கிறதுக்கு நியாயம் பேசுவாங்க, நியாயம் பேசப் பேச அதுவே அவங்களுக்கு உறுதியாயிரும். அம்மாவும் என்கிட்ட அதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நான் ஸ்லீவ் போடுங்கன்னு சொல்லச் சொல்ல, ஏன் போட முடியாதுன்னு காரணம் சொல்லிச் சொல்லி அந்தக் காரணத்துல அவங்களே பலமாயிட்டாங்க. போட வேண்டிய காரணம் அவங்க வாயில இருந்து வரணும், அதுதான் அந்த முறையோட உயிர்.

ஒரு ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு உக்காந்திருந்தப்ப கேட்டேன், "அம்மா, பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் வச்சா, கைய பாத்துக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"நாலு"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு, நாலுதானான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டு, "சரி, ஏன் நாலு? ஏன் ரெண்டுன்னு சொல்லல?"ன்னு கேட்டேன். இந்தக் கேள்வி அந்த முறையிலயே இருக்கு, ஏன் பத்து இல்லன்னு கேட்டா குறை சொல்லுவாங்க, ஏன் இன்னும் கம்மி இல்லன்னு கேட்டா மனசுல இருக்கிற ஆசைய சொல்லுவாங்க.

அம்மா கொஞ்ச நேரம் தேத்தண்ணிய பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "முறுக்கு பிழிய முடியல"ன்னாங்க.

தீபாவளிக்கு அம்மா முறுக்கு ஆர்டர் எடுப்பாங்க, நாப்பது டின் வரைக்கும் போகும், தாமான்ல இருக்கிறவங்க, பழைய தோட்டத்து ஆளுங்க, ஈப்போவுல இருந்து கூட வந்து வாங்கிட்டுப் போவாங்க. ஆப்பரேஷனுக்கு அப்புறம் விட்டுட்டாங்க, நாங்களும் ஓய்வா இருக்கட்டும்னு விட்டுட்டோம். அவங்களுக்கு அது ஓய்வா இல்ல, தன்ன கழிச்சுக் கட்டிட்டாங்கன்னு இருந்திருக்கு. நாலு வருஷமா இது எனக்குத் தெரியாது, ஏன்னா நான் கேக்கவே இல்ல, சொல்லிக்கிட்டே இருந்தேன்.

அடுத்த கேள்வி, "உங்களால தினமும் ஸ்லீவ் மாட்ட முடியும்னு எத்தன நம்பிக்கை?" அதுக்கு "ஒண்ணு". ஏன்னா இடது கையால இழுத்து ஏத்த பலம் பத்தல, துணி வழுக்குது, நகம் பட்டு நூல் போகுது. பாருங்க, முக்கியமா நெனைக்கிறது வேற, முடியும்னு நெனைக்கிறது வேற. நான் இத்தன நாளா முக்கியம் முக்கியம்னே பேசிக்கிட்டு இருந்தேன், அவங்களுக்கு குறைஞ்சது முடியும்ங்கிறது. அதுக்கு தீர்வு ஃபிசியோவுல முதல்லயே ஒரு தடவ சொன்னதுதான், நாங்க காதுல வாங்கல. பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறைய இடது கையில போட்டுக்கிட்டு துணிய இழுக்காம மேல மேல தடவி ஏத்தணும், ரப்பர் துணிய கவ்விப் புடிச்சுக்கும், மணிக்கட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பரத்திக்கிட்டே போகணும், மேல்பக்கம் மடிஞ்சு சுருண்டுக்காம பாக்கணும், சுருண்டா அங்கயே கயிறு கட்டுன மாதிரி இறுக்கும். கிரீம் ராத்திரிக்கு மட்டும், காலையில தடவுனா வழுக்கும், துணியும் கெடும். அம்மா முதல் நாள் பத்து நிமிஷம் எடுத்தாங்க, ஒரு வாரத்துல மூணு நிமிஷம். மஞ்சக் கலர் கையுறைய தூக்கிப் பாத்து "முப்பது வருஷம் பால் வெட்டுனதுக்கு இப்பத்தான் பால் எனக்கு உதவுது"ன்னாங்க, அவங்க முகத்துல அந்த வெளிச்சத்த பாத்து ரொம்ப நாளாச்சு.

அதே பேச்சுல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு, இது நான் கனவுலயும் நெனைக்கல. ஸ்லீவ் வெயில்ல வேகுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்கல்ல, அது பாதிதான் உண்மை. மீதி என்னன்னா, பாசார் மாலாமுக்கு, அதான் ராத்திரி சந்தைக்கு, ஸ்லீவ் போட்டுப் போனா நாலு பேரு "கைக்கு என்னாச்சு"ன்னு கேக்குறாங்க, மார்புல கேன்சர்னு சொல்ல அம்மாவுக்கு கூச்சம், கீழ விழுந்துட்டேன்னு சொல்லுவாங்க, இன்னுமா ஆறலன்னு அடுத்த மாசம் அதே ஆள் கேப்பாங்க. நான் வீக்கத்தப் பத்தி பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன், அவங்க சனங்க கேள்விய நெனச்சு பயந்துக்கிட்டு இருந்தாங்க. மலேசியாவுல பெண்களுக்கு அதிகமா வர்ற கேன்சரே இதுதான், அப்படியிருந்தும் நம்ம ஊர்ல வாய் விட்டு சொல்ல முடியல. அம்மாவே ஒரு பதில் தேர்ந்தெடுத்தாங்க, "நெறி எடுத்துட்டாங்க, அதனால வீங்குது, இது வைத்தியம்", அதோட பேச்ச முடிச்சிடுவாங்க. வெளிய போறப்ப முழுக்கை சட்டை, வீட்ல இருக்கிறப்ப ஸ்ப்ரே பாட்டில்ல பச்சத்தண்ணி எடுத்து ஸ்லீவ் மேலயே லேசா அடிச்சுக்குவாங்க, வேர்வைக்கு அது எவ்வளவோ பரவாயில்ல.

அளந்து எழுதுற நோட்டப் பத்தி சொல்லணும், இத தனி வழியா எடுக்கிறத விட கேக்குற வழியோட சேத்துக்கலாம். தோட்டத்து ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. தினமும் விடியக்காலை பெரட்டுல, அதாவது ஆள் கணக்கெடுக்கிறப்ப, செக்ரோல் பதிவுல பேர் விழும், மத்தியானம் ஸ்டோர்ல பால் நிறுத்து ஆளாளுக்கு எழுதுவாங்க, அன்னிக்கு எத்தன கிலோன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க. தன் பேருக்கு நேரா ஒரு நம்பர் இருக்கணும், அது அம்மா ரத்தத்துல ஊறுன விஷயம். இப்ப சனிக்கிழமை காலையில ஸ்லீவ் போடறதுக்கு முன்னாடி தையக்கார டேப்ப வச்சு மணிக்கட்டு, அதுல இருந்து 10 சென்டிமீட்டர் மேல, 20 மேல, முழங்கைக்கு மேல ஒரு இடம், ரெண்டு கையும் அளப்போம். ரெண்டு கையும் ஏன்னா, வேலை செய்யுற கை இயல்பாவே கொஞ்சம் பெருசா இருக்கும், வித்தியாசம் எவ்வளவு மாறுதுன்னுதான் பாக்கணும். டேப்ப இறுக்கக் கூடாது, தினமும் அளக்கக் கூடாது, தினமும் அளந்தா அரை சென்டிமீட்டருக்கு மனசு அல்லாடும். ரெண்டு கைக்கும் ஒரு இடத்துல 2 சென்டிமீட்டர் வித்தியாசம்ங்கிறத வீக்கத்துக்கு அடையாளமா பரவலா எடுத்துக்குறாங்க, எங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கு, அதனால தொடர்ந்து ரெண்டு வாரம் ஏறுனா ஃபிசியோவுக்கு போன் போடுறதுன்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம். நோட்ட அம்மாவே எழுதுறாங்க. ஸ்லீவ் விட்ட வாரம் நம்பர் ஏறுறத அவங்க கண்ணாலயே பாத்தாங்க, நான் ஒரு வார்த்தை பேசல.

போன் அலாரத்துக்கு ரெண்டு வரி போதும். அடிக்கும், அமத்துவாங்க, அவ்வளவுதான். அதுக்கு பதிலா ஏற்கெனவே இருக்கிற பழக்கத்துல கட்டி விடுறது நல்லா வேலை செய்யுது, இந்த நேரத்துல இது நடந்தா அடுத்து இதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வைக்கிறது, பீட்டர் கோல்விட்சர்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் இதப்பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. அம்மா இன்னும் பெரட்டுக்கு எழுந்த மாதிரி நாலரைக்கு எழுந்துடுவாங்க. சாமி விளக்கு ஏத்துனதும் மூச்சுப் பயிற்சி, அது முடிஞ்சதும் ஸ்லீவ், அதுக்கப்புறம்தான் அடுப்பு. கை அப்பத்தான் குறைவா வீங்கியிருக்கும், ஸ்லீவும் சுலபமா ஏறும்.

கூட்டாளிங்களோட சேத்து விடுறதும் ஒரு வழி. தன்ன மாதிரி ஒருத்தர் செய்யுறத கண்ணால பாத்தா தன்னாலயும் முடியும்னு நம்பிக்கை வரும்னு ஆல்பர்ட் பாண்டுரா 1977லயே எழுதியிருக்காரு, நான் எத்தன தடவ சொல்லியும் ஏறாதது தோட்டத்துப் புள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டகையில வேலை பாத்த ஒரு அக்கா வந்து தன் கைய காட்டுனதும் அம்மாவுக்கு ஏறுச்சு. அவங்களுக்கும் ஆப்பரேஷன் ஆகி கை வீங்குனது, ஸ்லீவோடயே துணி துவைக்கிறாங்க, சமைக்கிறாங்க. ஆனா சின்ன ஊர்ல குழுன்னு ஒண்ணு வச்சா சில ஆபத்து இருக்கு, யார் யாருக்கு என்ன வியாதின்னு மறுநாள் ஒட்டுக்கடையில பேசுவாங்க, ஒருத்தர் கை இறங்கி இன்னொருத்தருக்கு இறங்கலன்னா மனசு விட்டுப் போகும், உருவல், தண்ணி மாத்திரை, லேகியம் எல்லாம் அங்க இருந்துதான் கிளம்பும். கோலாலம்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு 1986ல ஆரம்பிச்ச மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் மாதிரி இடங்கள்ல இந்த நோயில இருந்து மீண்டவங்களே பேச வருவாங்க, அது வேற தரம். எங்க ஊருக்கு ஒரே ஒரு தோழி போதும்னு முடிவு பண்ணோம். ரெண்டு பேரும் வாரத்துல நாலு நாள் பள்ளிக்கூடத் திடல சுத்தி நடக்குறாங்க, எடைக்கும் நல்லது.

அப்ப எத முதல்ல எடுக்கிறது? ரெண்டு கேள்விய கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்லுவேன். முக்கியம்ங்கிற நம்பர் கம்மியா வந்தா, இன்னும் விளக்கம் கொடுக்காதீங்க, இந்தக் கை நல்லா இருந்தா என்ன செய்ய ஆசைப்படுறாங்கன்னு கேட்டுட்டு காத்திருங்க, ஒரு நாள்ல வராது, எனக்கு நாலு வருஷம் கழிச்சு வந்துச்சு. முடியும்ங்கிற நம்பர் கம்மியா வந்தா, பேச்ச விட்டுட்டு கையுறை, சரியான சைஸ் ஸ்லீவ், கூட நடக்க ஒரு தோழி, இத ஏற்பாடு பண்ணுங்க. சைஸ் தப்பா இருந்து போடாம இருக்கிறவங்கள சோம்பேறின்னு திட்டுறத நான் பாத்திருக்கேன், மனசு வலிக்குது. கீமோ இப்பத்தான் முடிஞ்சு எழுந்து உக்காரவே முடியாதவங்ககிட்ட கேள்வி நோட்டு எதுவும் வேணாம், கொஞ்ச நாள் நீங்களே செஞ்சு விடுங்க, தெம்பு வந்ததும் ஒவ்வொண்ணா அவங்க கைக்கு மாத்துங்க. ஒரே வழிய எல்லா கட்டத்துலயும் பிடிச்சு தொங்காதீங்க. வீக்கம் திடீர்னு கூடுனாலோ புதுசா வலி வந்தாலோ இது எதுவுமே இல்ல, நேரா டாக்டர்தான், ரத்தக்கட்டியோ கேன்சர் திரும்புறதோ இல்லன்னு அவங்க பாத்து சொல்லணும்.

பயத்துக்கு ஒரே ஒரு இடம் மட்டும் எங்க வீட்ல வச்சிருக்கோம். தேங்குன கைக்கு கிருமிய எதிர்க்கிற சக்தி கம்மி, ஒரு செம்பனை முள்ளு, ஒரு மீன் முள்ளு, ஒரு கொசுக்கடி சொறிஞ்ச புண்ணு, இது போதும் செல்லுலைட்டிஸ் வர. கை சிவந்து, சூடா, வலியோட, காய்ச்சல் குளிரோட வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி, காலையில பாத்துக்கலாம்னு விடவே கூடாது, ஆன்டிபயாடிக் வேணும், சில பேருக்கு அட்மிட் ஆக வேண்டி வரும். ஒவ்வொரு தடவ வர்றப்பவும் நிணநீர் குழாய் இன்னும் கெட்டு வீக்கம் ஒரு படி ஏறிடும். இத மட்டும் பெரிய எழுத்துல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கோம். மத்த எதையும் ஒட்டல, ஒண்ணே ஒண்ணு இருக்கிறதாலதான் அம்மா அத படிக்கிறாங்க, மீன் ஆயுறப்ப சொல்லாமலே கையுறை போடுறாங்க.

இந்தத் தீபாவளிக்கு அம்மா பதினஞ்சு டின் ஆர்டர் எடுத்திருக்காங்க. இருபதுன்னாங்க, ஃபிசியோகிட்ட கேட்டுட்டு அவங்களே பதினஞ்சா குறைச்சாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே வெறும் அச்ச வச்சு பழக ஆரம்பிச்சாங்க, அப்புறம் தளர்ந்த மாவு, அப்புறம் கெட்டி மாவு, வாரத்துக்கு ரெண்டு தடவ. ஸ்லீவோட இருபது நிமிஷம் பிழிவாங்க, அப்புறம் கைய தலகாணி மேல வச்சு கால் மணி நேரம் உக்காருவாங்க. எண்ணெய்ச் சட்டிகிட்ட மட்டும் அவங்கள விடுறதில்ல, சூடும் தெறிக்கிற எண்ணெயும் அந்தக் கைக்கு ஆகாது, அது என் வேலை. போன சனிக்கிழமை மூணு டின் போட்ட மறுநாள் காலையில, கிழமை இல்லன்னாலும், அம்மாவே டேப்ப எடுத்துக்கிட்டு வந்தாங்க. முழங்கைக்கு மேல 31, அதுக்கு முந்தின வாரமும் 31. நோட்டுல எழுதிட்டு பக்கத்துல சின்னதா "முறுக்கு 3 டின்"னு எழுதுனாங்க.